கதை விற்பதும் சுயமரியாதையும்

நமது நாட்டில் சினிமாவுக்குக் கதை எழுதிப் பிழைக்க வேண்டும் என்கின்ற ஆசையோடு பட்டணத்துக்கு வந்து சேருகின்ற வாலிபர்கள் அநேகர். அவர்களில் பெரும்பாலோர் புத்தியிலாவது உழைப்பிலாவது குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களில் யாரையாவது நிறுத்தி, "ஐயா, எழுதின கதையை எப்படி விற்கப் போகிறீர்?" என்று கேட்டுப் பாருங்கள். "நேரம் வரவேண்டும்" என்பார் ஒருவர். "இன்னாருடைய கடைக்கண் பார்வை விழவேண்டும்" என்பார் மற்றொருவர். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் அடிக்கும் என்று எண் ஜோசியன் சொன்னதைக் கேட்டு, தகப்பன் வைத்த பெயரைத் திருத்திக்கொண்டு திரிவார் மூன்றாமவர். விலை என்ன, யாருக்கு எத்தனை காலத்துக்கு விற்பது, எழுத்து மூலம் என்ன வாங்கிக்கொள்வது என்பவைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருப்பார்களா என்பது சந்தேகமே.

சந்தைக்கு மாடு பிடித்துக்கொண்டு போகிற குடியானவன் எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருக்கலாம். அவன்கூட எத்தனை பல், எத்தனை ஈத்து, முன்பணம் எவ்வளவு, மீதி என்றைக்கு என்று பேசி முடிக்காமல் கயிற்றைக் கை மாற்றுவதில்லை. நாலு பாஷைப் படம் பார்த்து, நாற்பது புத்தகம் படித்து, இரவு பகலாய் உட்கார்ந்து எழுதின எழுத்தாளனோ கயிற்றையும் கொடுத்து, மாட்டையும் கொடுத்து, கும்பிடும் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். காரணம் என்ன? குடியானவன் தன் மாட்டைச் சொத்து என்று நினைக்கின்றான். நமது எழுத்தாளன் தன் எழுத்தைச் சொத்து என்று நினைக்காமல், கோவிலில் போட்டுவிட்டு வரம் கேட்கின்ற காணிக்கை என்று நினைக்கின்றான். இந்த ஒரு எண்ணம் மாறாதவரையில் அவனுக்கு எந்த உபதேசமும் பயன்படாது என்பதே நமது அபிப்பிராயம்.

நிற்க, இந்த வியாபாரத்தை வெளிப்படையாகக் கணக்குப் போட்டுச் செய்கின்ற தேசம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சினிமாத் தொழிலுக்குத் தலைமை ஸ்தலமாகிய ஹாலிவுட்டில் இதற்கென்றே ஒரு வகுப்பார் இருக்கின்றார்கள். அவர்களுக்கு இலக்கிய ஏஜண்டு என்று பெயர். நமது பேச்சில் சொன்னால் கதைத் தரகர். எழுத்தாளன் எழுதினதைப் படித்துப் பார்த்து, இன்ன கம்பெனிக்கு இது ஏற்கும் என்று தீர்மானித்து, கொண்டுபோய்க் காட்டி, விலை பேசி, ஒப்பந்தம் எழுதி வாங்கி, வருகிற பணத்தில் 100-க்கு 10 எடுத்துக்கொண்டு மீதியை எழுத்தாளனுக்குக் கொடுப்பது அவர்கள் தொழில். கதை எழுதப் போகிறவர்களுக்கு அந்தத் தரகர்கள் பல வருஷங்களாய்ச் சொல்லிவருகின்ற புத்திமதிகள் சில இருக்கின்றன. அவர்கள் மகாத்மாக்கள் என்பதற்காக அவைகளைக் கேட்க வேண்டியதில்லை. எழுத்தாளனுக்குக் காசு வந்தால்தான் தங்களுக்குக் காசு வரும் என்கின்ற நிலையில் இருப்பவர்கள் சொல்வது என்பதற்காகக் கேட்கலாம். கேட்டுவிட்டு, அறிவுக்குப் பொருத்தமானதை எடுத்துக்கொண்டு, அல்லாததைத் தள்ளிவிடலாம்.

தரகன் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நமது வாழ்வில் தரகு இல்லாத இடம் எது என்று கேட்கின்றோம். மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் புரோகிதன் என்று ஒரு தரகன் இல்லையா? அவனையும் இவனையும் ஒத்திட்டுப் பாருங்கள். புரோகிதன் காரியம் பலிப்பதற்கு முன்பே தட்சணையை வாங்கிக்கொள்கிறான். பலிக்கவில்லையே என்று போய்க் கேட்டால் "உன் கர்மம்" என்று சொல்லி, பரிகாரத்துக்கு இன்னொரு தட்சணை கேட்கின்றான். கதைத் தரகனோ கதை விற்றால்தான் வாங்கலாம். ஹாலிவுட் இருக்கின்ற கலிபோர்னியா மாகாணத்தின் சட்டப்படி இப்படிப்பட்ட ஏஜன்சிகள் எழுத்தாளனிடம் பதிவுக் கட்டணம் என்று ஒரு காசுகூட வாங்கக் கூடாது. ஆகவே அங்கு எழுத்தாளனுக்குச் சொல்லப்படுகின்ற முதல் எச்சரிக்கை என்னவென்றால், "உன் கதையைப் படிக்கவே பணம் கேட்கின்றவன் தரகன் அல்ல, அவனை விட்டு விலகு" என்பதேயாகும். இந்த ஒரு வார்த்தையை நமது மக்கள் மற்றத் தரகர்கள் விஷயத்திலும் கைக்கொள்ளுவார்களேயானால் எத்தனை கோடி ரூபாய் மிச்சமாகும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தபடியாக அவர்கள் சொல்லுவது, "யோசனையைக் கொண்டு வராதே, முடித்த எழுத்தைக் கொண்டு வா" என்பதாகும். "என்னிடம் அற்புதமான ஒரு கதை இருக்கிறது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறவர்கள் ஏராளம். நெஞ்சில் இருப்பதற்கு விலையும் இல்லை, சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. இது அமெரிக்காவில் மாத்திரம் அல்ல; நம் நாட்டிலும் அப்படியே. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்றும் மதராஸிக் குடும்பம் ஒன்றும் பிள்ளைகளின் காதலால் மோதிக்கொள்வது அதன் விஷயம். 1956-இல் 'நியூ டெல்லி' என்கின்ற ஹிந்திப் படம் வந்தபோது அது தமது நாடகத்தின் திருட்டு என்று அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 1978-இல் அவருக்கு விரோதமாகவே முடிந்தது. யோசனைக்கும் பொதுவான விஷயத்துக்கும் காப்பிரைட் கிடையாது; அதை ஒருவன் எழுதிக் காட்டுகின்ற வடிவத்துக்குத்தான் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். மாகாணப் பேதத்தை யார் வேண்டுமானாலும் கதையாக்கலாம். உன்னுடைய காட்சியையும் உன்னுடைய பேச்சையும் எடுத்தால்தான் குற்றம். ஆகவே எழுதி முடிக்காத கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் தன் பணப் பையை அவிழ்த்துத் தெருவில் வைத்துவிட்டுப் போகிறவனுக்கு ஒப்பானவன் ஆகிறான்.

இனி எழுதுகின்ற முறையைப் பற்றி அவர்கள் சொல்வதைப் பார்ப்போம். திரைக்கதை 90 பக்கத்துக்குக் குறையாமலும் 120 பக்கத்துக்கு மேற்படாமலும் இருக்கட்டும். ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிஷம் என்று கணக்கு. கூரியர் என்கின்ற டைப் எழுத்தில், 12 பாயிண்டு அளவில் அச்சடித்துக் கொடு. ஒவ்வொரு காட்சிக்கும் தலைப்பில் வீட்டுக்கு உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்று குறி. கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மாத்திரம் எழுது என்கின்றார்கள். கதாநாயகன் "மனதுக்குள் வெந்து நொந்தான்" என்று எழுதினால் அதைப் படம் பிடிக்கிறவன் எதைப் பிடிப்பான்? அவன் என்ன செய்தான், என்ன பேசினான் என்பதைச் சொல்ல வேண்டும். இவைகளெல்லாம் வெறுஞ் சடங்கு என்று நினைக்கக் கூடாது. எத்தனை இடம், எத்தனை இரவுப் படப்பிடிப்பு, எத்தனை ஆள் என்று செலவுத் திட்டம் போடுகிறவன் அந்தத் தலைப்புகளைக் கொண்டுதான் போடுகிறான். கம்பெனியில் வந்து குவிகிற கதைகளை முதலாளி படிப்பதில்லை. அதற்கென்று சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வாசகன் படித்து, சுருக்கமும் அபிப்பிராயமும் எழுதி, "வேண்டாம்", "யோசிக்கலாம்", "வாங்கலாம்" என்று மூன்றில் ஒன்றைக் குறித்து மேலே அனுப்புகிறான். அவன் முதல் பத்துப் பக்கத்துக்குள் சலித்துப்போனால் தொண்ணூறாம் பக்கத்தில் வைத்திருக்கிற அற்புதத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? காரணம் கேட்டால் பதில் சொல்லக்கூடிய விதிக்கு முறை என்று பெயர். காரணம் கேட்காதே என்கின்ற விதிக்குத்தான் சடங்கு என்று பெயர்.

ஆனால் முறை என்பது எப்படிச் சாஸ்திரமாக முற்றிப்போகின்றது என்பதற்கும் அதே ஹாலிவுட்டே உதாரணமாயிருக்கின்றது. 1979-இல் ஸிட் ஃபீல்டு என்பவர் திரைக்கதையைத் தொடக்கம், மோதல், முடிவு என்று மூன்று அங்கமாக்கி, இன்ன பக்கத்துக்குள் கதை திரும்ப வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். 2005-இல் பிளேக் ஸ்னைடர் என்பவர் 15 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுத்து மற்றொரு புத்தகம் எழுதினார். கற்றுக்கொள்ளுகிறவனுக்கு அவைகளால் பிரயோஜனம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பக்க எண் தவறினால் கதை கெட்டது என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். இது ராகு காலத்தில் எழுதின கதை விலை போகாது என்பதைவிட எந்த விதத்தில் மேலானது? அளவுகோல் துணியை அளப்பதற்கு ஏற்பட்டதே தவிர, அளவுகோலுக்காகத் துணி ஏற்படவில்லை.

அன்றியும், கதையின் தரத்தைத் தீர்மானிக்கின்ற பெரியவர்களின் ஞானதிருஷ்டி எவ்வளவு என்பதையும் ஒருவர் பரீட்சை பார்த்துவிட்டார். 'காஸாபிளாங்கா' என்பது 1942-இல் வெளிவந்து, சிறந்த படம் என்றும் சிறந்த திரைக்கதை என்றும் ஆஸ்கார் பரிசு பெற்றது. சக் ராஸ் என்கின்ற பத்திரிகை எழுத்தாளர் அந்தத் திரைக்கதையையே எடுத்து, அதற்கு மூலமாயிருந்த நாடகத்தின் தலைப்பைப் போட்டு, யாரோ ஒரு புது ஆள் எழுதினதுபோல் 217 ஏஜன்சிகளுக்கு அனுப்பினார். 1982-இல் அதன் முடிவை வெளியிட்டார். பலர் படிக்காமலே திருப்பிவிட்டார்கள். 33 பேர் இது இன்ன படம் என்று கண்டுபிடித்தார்கள். 38 பேர் கண்டுபிடிக்காதது மாத்திரமல்லாமல், வேண்டாம் என்றும் தள்ளிவிட்டார்கள். தள்ளினவர்களை முட்டாள்கள் என்று சொல்வதற்காக நாம் இதை எடுத்துக் காட்டவில்லை. "வேண்டாம்" என்கின்ற பதில் தலையெழுத்து அல்ல, பிரம்மா எழுதினதும் அல்ல. வேலைத் தொந்தரவில் இருக்கின்ற ஒரு மனிதனின் அன்றைய அபிப்பிராயம் என்பதற்காகவே சொல்லுகிறோம். ஒருவன் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள், நியாயமாயிருந்தால் திருத்து, இல்லாவிட்டால் அடுத்தவனிடம் கொண்டுபோ. இதற்குப் பரிகாரப் பூஜை எதற்கு?

இனி விற்பனை. அங்கு ஒரு கம்பெனி கதையைப் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே விலைக்கு வாங்கிவிடுவதில்லை. ஆப்ஷன் என்று ஒரு ஏற்பாடு இருக்கின்றது. ஒரு வருஷம் அல்லது ஒன்றரை வருஷத்துக்கு, "இதை வேறு யாருக்கும் விற்காதே" என்று சொல்லி ஒரு சிறு தொகையைக் கொடுப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் முழு விலை கொடுத்து எடுக்காவிட்டால் உரிமை எழுத்தாளனிடமே திரும்பி வந்துவிடும். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. அதாவது காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. நமது நாட்டிலோ "பார்க்கலாம், இரு" என்கின்ற ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் காத்திருந்து வயதைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்!

அங்கேயும் மூட நம்பிக்கைக்குக் குறைவில்லை. கதையை உறையில் போட்டு ஒட்டித் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டு, உறையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டால் காப்பிரைட் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அங்கு உண்டு. அப்படி ஒன்றும் சட்டத்தில் கிடையாது என்று அமெரிக்கக் காப்பிரைட் ஆபீசே சொல்லியும் அந்த நம்பிக்கை ஒழிந்தபாடில்லை. கட்டணம் கட்டி முறைப்படி பதிவு செய் என்றால் தயங்குகிறவன், மந்திரித்த தாயத்துப்போல் உறையைப் பூட்டி வைத்துக்கொள்ளத் தயங்குவதில்லை. மற்றும் 1990-இல் 'பேஸிக் இன்ஸ்டிங்க்ட்' கதை 30 லட்சம் டாலருக்கு விலை போயிற்று என்பதைக் கேட்டு, நமக்கும் அடிக்கும் என்று வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தவர்களும் இருக்கின்றார்கள். லாட்டரியில் ஒருவனுக்கு விழுந்தால் அவன் படம் பத்திரிகையில் வரும். விழாதவர்கள் படம் வருவதில்லை. பிள்ளை வரம் கிடைத்தவள் தொட்டில் கட்டின மரத்தைக் காட்டுகிறார்களே தவிர, கட்டியும் கிடைக்காதவர்களின் கணக்கைக் காட்டுகிறார்களா?

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. அதுதான் நிகர லாபத்தில் பங்கு என்பது. ஆர்ட் புக்வால்ட் என்பவர் அமெரிக்காவில் பிரசித்தி பெற்ற ஹாஸ்ய எழுத்தாளர். அவர் எழுதிக் கொடுத்த ஒரு கதைச் சுருக்கத்தைப் பாரமவுண்ட் கம்பெனி 1983-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, பின்பு கைவிட்டதாகச் சொல்லிவிட்டது. 1988-இல் அதே கம்பெனி 'கமிங் டு அமெரிக்கா' என்று ஒரு படம் வெளியிட்டது. இது என் கதை என்று அவர் வழக்குப் போட்டார். 1990-இல் கோர்ட்டு அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. சரி, நிகர லாபத்தில் அவர் பங்கைக் கொடு என்றால், கம்பெனி என்ன சொல்லிற்று தெரியுமா? உலகமெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் கொட்டகை வசூல் ஆன படத்துக்கு நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டிற்று! அந்தக் கணக்கு முறையில் உள்ள பல நிபந்தனைகள் மனச்சாட்சிக்கு விரோதமானவை என்று கோர்ட்டு சொல்லி, 1992-இல் அவருக்கு 1,50,000 டாலரும், அவரோடு சேர்ந்த தயாரிப்பாளருக்கு 7,50,000 டாலரும் கொடுக்கச் செய்தது.

இந்த நிகர லாபம் என்பதற்கும் மோட்சம் என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பின்னால் வரும் என்று சொல்லப்படுகின்றவை. இரண்டுக்காகவும் இப்போது கையில் உள்ளதை விட்டுக்கொடுக்கச் சொல்லுகிறார்கள். இரண்டையும் கண்டு திரும்பி வந்து சாட்சி சொன்னவன் கிடைப்பதில்லை. இரண்டின் கணக்குப் புத்தகமும் வாக்குக் கொடுத்தவனிடமே இருக்கின்றது. ஆகவேதான் விவரம் தெரிந்த தரகன், "பின்னால் வருகிற பங்கைக் கேட்டு வாங்கு, வேண்டாம் என்று சொல்லாதே, ஆனால் அதை நம்பி முன்னால் வருகிற ரொக்கத்தில் ஒரு காசும் குறைக்காதே" என்று சொல்லுகிறான்.

ரொக்கத்துக்கு அடுத்தபடி பெயர். பெயர் என்பது பெருமைக்காக மாத்திரம் அல்ல. 1933-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். அதன் வழிவந்த சங்கமே இன்றைக்கும், கதை யாருடையது, திரைக்கதை யாருடையது என்று தகராறு வந்தால் மத்தியஸ்தம் செய்து தீர்மானிக்கின்றது, முதலாளி தீர்மானிப்பதில்லை. படம் மறுபடி மறுபடி காட்டப்படும்போது வருகின்ற தொகை அந்தப் பெயரைப் பொறுத்தது. பெயரைப் பறிகொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டால்டன் டிரம்போ சாட்சி. 1947-இல் அரசியல் கொள்கையைப் பற்றிக் கேட்ட கமிட்டிக்குப் பதில் சொல்ல மறுத்து, சிறை சென்று, கம்பெனிகளால் விலக்கப்பட்ட பத்துப் பேரில் அவர் ஒருவர். 'ரோமன் ஹாலிடே' கதைக்கு 1953-ஆம் வருஷத்து ஆஸ்கார் கிடைத்தபோது அது அவருக்காகப் பெயர் கொடுத்த நண்பரின் பெயரில் போயிற்று. 'தி பிரேவ் ஒன்' என்ற படத்தின் கதைக்கு 1957-இல் கொடுத்த பரிசு, ராபர்ட் ரிச் என்கின்ற புனைபெயருக்குப் போய், வாங்க ஆளில்லாமல் நின்றது. அந்தப் பரிசு அவர் கைக்கு வந்தது 1975-இல். 'ரோமன் ஹாலிடே' பரிசு அவர் மனைவியின் கைக்கு வந்தது, அவர் இறந்து பல வருஷம் சென்று 1993-இல். எழுத்தாளர் சங்கம் அப்படத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2011-இல். தன் பெயரை வாங்க ஒருவன் இறந்து முப்பத்தைந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொல்லிய தரகர்களையாவது முழுவதும் நம்பலாமா என்றால், அதுவும் கூடாது என்பதே நமது முடிவு. 100-க்கு 10 என்கின்ற ஏற்பாட்டில் இருந்த யோக்கியம் என்னவென்றால், எழுத்தாளனுக்கு அதிகம் வந்தால்தான் தரகனுக்கு அதிகம் என்பது. பெரிய ஏஜன்சிகள் இதை விட்டு, டெலிவிஷன் தொடருக்கு எழுத்தாளன், நடிகன், டைரக்டர் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்து, எழுத்தாளனிடம் கமிஷன் வாங்காமல், கம்பெனியிடமிருந்தே நேரே கட்டணம் வாங்க ஆரம்பித்தன. கமிஷன் இல்லையே என்று எழுத்தாளன் முதலில் மகிழ்ந்திருப்பான். ஆனால் விற்கிறவனுக்குப் பேச வந்த தரகன் வாங்குகிறவனிடம் கூலி பெற்றால், அவன் யாருக்காக விலை பேசுவான்? 2019 ஏப்ரலில் எழுத்தாளர் சங்கம் உத்தரவிட, 7,000-க்கு மேற்பட்ட எழுத்தாளர்கள் ஒரே மூச்சில் தங்கள் ஏஜண்டுகளை விலக்கினார்கள். 2021 பிப்ரவரிக்குள் பெரிய ஏஜன்சிகள் ஒவ்வொன்றாய் வந்து, அந்தக் கட்டணத்தை விட்டுவிடுவதாய்க் கையெழுத்துப் போட்டன. தரகனை நீக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? அதே சங்கம் 2023-இல் கம்பெனிகளை எதிர்த்து 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, யந்திர மூளை எழுதிக் கொடுப்பதை எழுத்தாளன் எழுத்தாகக் கணக்கிடக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் ஏற்றியது. 11,500 பேர் சேர்ந்து நின்றதால் இது நடந்ததே தவிர, எந்த முதலாளியின் கருணையாலும் நடக்கவில்லை.

நிற்க, இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டு சினிமாவில் இந்தக் கதைத் தரகர் வழக்கம் வேரூன்றவில்லை. இங்கு கதை பெரும்பாலும் வாயால்தான் விற்கப்படுகின்றது. நடிகர் முன்போ தயாரிப்பாளர் முன்போ உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கதை சொல்ல வேண்டும், காகிதம் கைமாறுவதில்லை. வேதத்துக்கு எழுதாக்கிளவி என்று ஒரு பெயர் உண்டு. எழுதாமல் வாயோடு வாயாக வைத்திருந்ததால்தான், உள்ளே என்ன இருக்கின்றது என்பதை வைத்திருந்தவன் சொன்னதே சட்டமாயிற்று. வாயால் சொல்லுகிற கதைக்கும் அதே கதிதான். நாளைக்குத் தகராறு வந்தால் சொன்னவன் பக்கம் சாட்சி இல்லை. கேட்டவன் பக்கம் பணமும் வக்கீலும் இருக்கின்றன. அதற்கு மேல் கதை விவாதம் என்று ஒன்று. ஒரு அறையில் நாலைந்து வாலிபர்களை வைத்து, டீயும் டிபனும் கொடுத்து, பல மாதம் அவர்கள் மூளையைக் கறந்துகொண்டு, கடைசியில் கதை, திரைக்கதை, வசனம் என்று ஒரே பெயரைப் போட்டுக்கொள்வது. இதைக் குருகுலவாசம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் இருக்கின்றார்கள். கட்டை விரலைக் கேட்டு வாங்கின குருவின் கதை நடந்த நாட்டில் இது ஆச்சரியமல்ல. ஆனால் கொடுக்கிற சிஷ்யன் இன்னும் இருக்கின்றான் என்பதுதான் வெட்கக்கேடு.

நமது நாட்டில் எழுத்துக்கு மதிப்பே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. 1949-இல் 'வேலைக்காரி'யும், 1952-இல் 'பராசக்தி'யும் வந்தபோது, எழுதினவர் யார் என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது; வசனத்துக்காகவே கொட்டகைக்குப் போனார்கள். சொல்லுக்கு விலை உண்டு என்பதை அறிவு இயக்கம் ஒரு தடவை காட்டிவிட்டது. இனி அந்த விலையை வாங்கிக்கொள்ளுகிற வழியைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குச் சட்டம் இருக்கின்றது. 1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டப்படி, எழுதின அந்த நிமிஷமே உரிமை எழுதினவனுக்கு. பதிவு செய்வது ருஜுவுக்காக. எழுத்தாளர் சங்கத்தில் பதிவதும் அதற்காகவே. உரிமையைக் கைமாற்றுவது எழுத்து மூலம், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்தத் தேசத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கினவன் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, அந்த உரிமை அவனை விட்டுப் போய்விடும். 2012-இல் செய்த திருத்தத்தின்படி, படத்தில் சேர்ந்த எழுத்து கொட்டகைக்கு வெளியே பயன்படும்போது எழுத்தாளனுக்கு வரவேண்டிய ராயல்டியை அவனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா உலகத்துக்கும்" என்று அச்சடித்த காகிதத்தைப் படிக்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவனைச் சட்டம் ஓர் அளவுக்குத்தான் காப்பாற்றும். மீதியை அவன் அறிவுதான் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே, கதை எழுதுகின்ற வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். எழுதி முடியுங்கள். முடித்ததைப் பதியுங்கள். வாயால் சொல்ல நேர்ந்தால், அன்றே அந்தச் சுருக்கத்தைத் தேதியோடு எழுத்தில் அனுப்பி வையுங்கள். விலையையும் பெயரையும் காலத்தையும் காகிதத்தில் கேளுங்கள். காகிதம் கேட்டால் கோபித்துக்கொள்ளுகிறவன் கதையை வாங்க வந்தவன் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் பணம் கேட்கின்ற தரகனையும், பின்னால் பணம் தருகிறேன் என்கின்ற முதலாளியையும் ஒரே தட்டில் வையுங்கள். தனியாய் நின்று கேட்கப் பயமாயிருந்தால் சங்கமாய் நின்று கேளுங்கள்.

உங்கள் கதையில் கதாநாயகன் அநியாயக்காரன் முன் நிமிர்ந்து நின்று பேசுகிறான். ஜனங்கள் கை தட்டுகின்றார்கள். அதை எழுதினவன் குனிந்து நின்று விற்றான் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? கூலி கேட்பது அகம்பாவம் அல்ல. கேட்காமல் கும்பிடுவதுதான் அடிமைத்தனம்.